திரை தாண்டிக் குதித்த ஏழு வருடங்கள்

அளவெட்டி: ஒரு கலைக் கிராமத்தின் கதை – பகுதி 19

சென்ற பகுதி 1971 ஜூனில், மஹாகவி மறைந்த செய்தியோடு நின்றது. அவருக்கு அப்போது 44 வயது. அதற்கு முன்பே, 1968 பெப்ரவரியில், அ. ந. கந்தசாமியும் போய்விட்டிருந்தார், அவருக்கு 43. அளவெட்டியில் பிறந்த இரண்டு பெரிய நாடகாசிரியர்களை மூன்றரை ஆண்டுக்குள் இழந்தோம். அதன் பிறகு இந்த ஊரில் நாடகம் என்ன ஆனது என்பதுதான் இம்முறை எழுத வேண்டியது.

கோவில் வீதியிலும் பள்ளிக்கூட மண்டபத்திலும் நடந்த நாடகம் வீட்டு விறாந்தைக்குள் வந்துவிட்டது. முதலில் றேடியோவில் வந்தது, பிறகு ரீவியில். இன்று அளவெட்டியில் 'நாடகம் தொடங்கப் போகுது' என்று யாராவது அவசரப்பட்டால், பெரும்பாலும் அது சென்னையில் எடுக்கப்பட்ட தொடர். கும்பிழாவளைப் பிள்ளையார் கோவிலில் மாலைப் பூசை முடித்து வருகிறவர்கள்கூட நேரம் பார்த்து நடக்கிறார்கள். இதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்த நாடகம் இந்த ஊரின் பதின்ம வயதுப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் எப்படிக் காட்டியது, அவர்களில் யாரைக் காட்டாமல் விட்டது என்பது வரலாற்றில் பதிய வேண்டிய விசயம்.

முதலில் மேடையை நினைவுபடுத்திக்கொள்வோம்.

மஹாகவியின் 'கோடை' 1970இல் நூலாக வந்த பாநாடகம். அ. தாசீசியஸ் நெறியாள்கையில் மேடை கண்டது. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்து யாழ்ப்பாணக் கிராமம். நாயனக்காரர் ஒருவரின் வீடு. வயசுக்கு வந்த மகள். அவள் மனம் போகும் இடம் ஒன்று, தாய் பார்த்து வைத்திருக்கும் இடம் இன்னொன்று. கதையின் எலும்புக்கூட்டை மட்டும் பார்த்தால் இன்று ரீவியில் ஓடும் எத்தனையோ தொடர்களுக்கும் இதுதான் அடிப்படை. ஆனால் 'கோடை'யில் அந்த வீட்டு இளசுகளுக்கு வாய் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஆளுக்கொரு நியாயம் இருக்கிறது. மேளத்தை நம்பி வாழ்ந்த வீட்டின் வறுமை தாய்க்குத் தெரியும். உத்தியோகத்துக்கு ஊரில் இருக்கும் மதிப்பும் தெரியும். தகப்பனுக்கோ தன் வித்தையை விட்டுக்கொடுக்க முடியாது. யாரும் அங்கே சதி செய்யவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு தலைமுறை, வெளியே அவர்கள் இருவரையும் நெருக்கும் ஓர் ஆட்சி. அதையெல்லாம் பேச்சோசைக்கு மிக நெருங்கிய செய்யுளில் மஹாகவி எழுதினார். நாயனக்காரர் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும்.

கந்தசாமியின் 'மதமாற்றம்' வேறு வகை. மதம் குறுக்கே நிற்கும் காதலை எடுத்துக்கொண்டு, இளையவர்களையும் பெரியவர்களையும் ஒரே தராசில் வைத்து விசாரித்த நாடகம் அது. காதலிக்கிறவர்கள் என்பதற்காக இளையவர்களுக்கு அவர் சலுகை காட்டவில்லை. இளையவர்களைப் பெரியவர்கள் அளவுக்குக் கேள்வி கேட்பதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதைதான் என்று நான் நினைக்கிறேன்.

பள்ளிக்கூட மேடையையும் சொல்ல வேண்டும். அளவெட்டிப் பிள்ளைகள் பலர் நடந்தும் சைக்கிளிலும் போய்ப் படித்த தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியை 1910இல் நிறுவிய பாவலர் துரையப்பாபிள்ளை தாமே நாடகம் எழுதியவர். அதிபர் தெ. து. ஜயரத்தினம் காலத்தில் அந்தக் கல்லூரியின் நாடகங்கள் தீவு முழுதும் பேசப்பட்டன. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் அங்கே அரசனாகவும் கிழவனாகவும் வேடமிட்டார்கள். ஒரு கிழவனின் நடையைப் பழக வேண்டுமென்றால் வீட்டிலிருக்கும் அப்புவை உற்றுப் பார்க்க வேண்டும். அந்தப் பார்வை பாடப்புத்தகத்தில் கிடைக்காது.

றேடியோ நாடகங்கள் இந்த மரபிலிருந்து அதிக தூரம் போகவில்லை. இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்', சானாவின் 'லண்டன் கந்தையா', பின்னாளில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்', கே. எஸ். பாலச்சந்திரனின் 'வாத்தியார் வீட்டில்' எல்லாம் யாழ்ப்பாணப் பேச்சில், யாழ்ப்பாண வீடுகளைப் பற்றி வந்தவை. தலைப்புகளே சொல்கின்றன: விதானையார், வாத்தியார். பெரியவர்கள் உத்தியோகத்தோடும் ஊரோடும் சேர்த்து அறியப்பட்டார்கள். பிள்ளைகளுடைய பிரச்சினை சோதனை, உத்தியோகம், சீதனம். அது தங்கள் வீட்டுக் கதை என்பதில் கேட்டவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. 'தணியாத தாகம்' ஒலிபரப்பான நேரத்தை இன்றும் நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள்.

ரீவி வந்த கதை கொஞ்சம் சிக்கலானது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஓகஸ்ட் 15இல் தொடங்கியது. இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும் ரூபவாகினி 1982 பெப்ரவரி 15இலும் தொடங்கின. யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பைவிடத் தமிழ்நாடு கிட்ட. உயரமான குழாயில் அன்ரனாவைக் கட்டி, ஒருவர் கூரையில் நின்று திருப்ப, மற்றவர் உள்ளே நின்று 'தெரியுது, தெரியுது, விட்டிட்டு வா' என்று கத்த, தூரதர்ஷன் தெரிந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை படம். ரீவி வைத்திருந்த வீடு ஊருக்கே பொதுவானது. இந்தப் பழக்கம் பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம். நாங்கள் ரீவி பார்க்கக் கற்றுக்கொண்டதே கடலுக்கு அப்பால் முகத்தைத் திருப்பித்தான்.

அதே காலத்தில் சிங்களத்தில் 1979இல் 'திமுத்து முத்து' வந்து தொலைநாடகம் என்ற வடிவத்துக்கு வழி திறந்தது. சிங்களத் தொலைநாடகம் தன் சொந்த ஊர்களுக்கும் சொந்தப் பள்ளிக்கூடங்களுக்கும் போய்ப் படம் பிடித்தது. தமிழில் சிலர் பாடுபட்டு ரூபவாகினியில் நாடகங்கள் செய்தார்கள். ஆனால் யாழ்ப்பாணத்து ஊர்களுக்குள் கமரா கொண்டு வந்து ஆண்டுக்கணக்காக ஒரு தொடர் எடுக்கும் சூழல், 1983இல் போர் மூண்ட பிறகு இருக்கவில்லை.

இனி தலைப்பில் சொன்ன அந்த ஏழு வருடங்களுக்கு வருகிறேன். பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வரை.

அளவெட்டியில் அந்த வயதில் என்ன நடக்கும்? மேளகாரர் வீடுகளை எடுத்துக்கொள்வோம். தவில் பழகும் பெடியன் விடியற்காலையில் எழும்பிச் சொற்கட்டைக் கையில் ஏற்றுவான். வலக்கை விரல்களுக்குத் துணியும் பசையும் கொண்டு கூடு செய்து மாட்ட வேண்டும், அது இறுகிக் காயும்வரை பொறுத்திருக்க வேண்டும், இடக்கையில் கழி. கூடு மாட்டிய விரல் ஆரம்பத்தில் வீங்கும், தோல் உரியும். குழுவோடு கோவிலுக்குப் போனால் முதலில் தாளமும் சுருதியும்தான் அவன் கையில் தருவார்கள். இரவிரவாகத் திருவிழாவில் நின்று, பெரியவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் ஒரு சின்ன இடம் கொடுப்பார்கள். இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி தகப்பன் விஸ்வலிங்கத்திடம் தொடங்கியவர்; நாச்சியார்கோவில் இராகவப்பிள்ளையிடம் போய்ப் பயின்றவர். அந்தக் கை உருவானது அந்த வயதில்தான். என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் அப்படித்தான்.

மேளம் பழகாத வீட்டில் அதே வயது ஓ.எல்., ஏ.எல். சோதனைகள் என்று போகும். 1970களில் தரப்படுத்தல் வந்த பிறகு பல்கலைக்கழக வாசல் எப்படிச் சுருங்கியது என்பதை முன்னரே எழுதியிருக்கிறேன். 1981 ஜூன் 1இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது மஹாகவியின் மகன் சேரனுக்கு 21 வயது. 1983இல் அவருடைய 'இரண்டாவது சூரிய உதயம்' கவிதைத் தொகுப்பு வந்தது. பதின்ம வயதைத் தாண்டிய கையோடு ஒரு தலைமுறை பேசத் தொடங்கியது கவிதையில். ரீவியில் அந்தக் குரலுக்கு இடம் இருக்கவில்லை.

அதன் பிறகு அந்த ஏழு வருடங்களுக்குள் எல்லாமே வந்து விழுந்தன. ஏ.எல். எழுத முன்னர் ஆயுத இயக்கத்துக்குப் போனவர்கள் உண்டு. காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்காரனிடம் கொடுத்து, பதினேழு வயதில் கொழும்பு, மொஸ்கோ, பாரிஸ் என்று அனுப்பப்பட்டவர்கள் உண்டு. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. அதே ஆண்டில் கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரமும் போரில் அழிந்தது; புதிய கோபுரம், 174 மீற்றர் உயரத்தில், 2011 ஜூனில்தான் எழுந்தது. இடையில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். சில இடங்களில் ஜெனறேற்றர் பிடித்து, மண்ணெண்ணெய்க்கு ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்துப் படம் போட்டார்கள். வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயமானது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. அந்த மழையில் செம்மணி வழியாகத் தம்பி தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த பதினான்கு வயதுப் பிள்ளைகள் பலர் ஒரே இரவில் பெரியவர்கள் ஆனார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு தொடர்களைப் பார்ப்போம்.

சன் ரீவி 1993இல் தொடங்கியது. ராதிகாவின் 'சித்தி' 1999 டிசம்பரில் தொடங்கி 2001வரை ஓடி, மாலை நேரத்தையே தொடர்களுக்கு எழுதிக் கொடுத்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம். ஏப்ரலில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. லொறிகளில் சீமெந்தும் தகரமும் வந்ததோடு ரீவியும் டிஷ்ஷும் வந்தன. அந்த ஆண்டில்தான் திருமுருகனின் 'மெட்டி ஒலி' தொடங்கியது. ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பன் சிதம்பரம்; ஒவ்வொரு பெண்ணாய்க் கலியாணம்; ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு துன்பம். சீதனத்துக்காக வெளிநாட்டு மகனின் காசைப் பார்த்திருந்த யாழ்ப்பாணத்துக்கு இந்தக் கதை ஏன் உள்ளே போய் இறங்கியது என்று விளக்கத் தேவையில்லை. அதற்கு அடுத்த ஆண்டு 'கோலங்கள்' வந்தது. கட்டட நிறுவனம் நடத்தும் அபி, ஆண்களின் உலகத்தில் தனியே நின்று சமாளித்தாள். கணவனை இழந்தோ காணாமல் போகக் கொடுத்தோ குடும்பத்தைத் தனியாக இழுத்த எத்தனையோ பெண்கள் அபியைப் பார்த்துப் பலம் பெற்றார்கள். தொடர் பார்ப்பதை ஏளனமாகப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஒரு நாள் முழுக்கத் தோட்டத்திலும் அடுப்படியிலும் நின்ற பெண்ணுக்கு, அவளைப் போன்ற ஒருத்தி முதன்மைப் பாத்திரமாய் வருவது சின்ன விசயம் அல்ல.

ஆனால் பிள்ளைகள்? பல ஆண்டுகள் ஓடும் இந்தத் தொடர்களில் சின்னப் பிள்ளைக்கு இடம் உண்டு. ஆறு, ஏழு வயதில் மழலை பேசி, பெரியவர்களைச் சேர்த்து வைக்க அந்தப் பிள்ளை உதவும். கலியாண வயதுப் பெண்ணுக்கும் பையனுக்கும் இடம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள வயது வந்ததும் கதை ஒரு பாய்ச்சல் பாயும். 'பல ஆண்டுகளுக்குப் பின்' என்று எழுத்து வரும். நேற்றுவரை பென்சிலுக்கு அழுத பிள்ளை, இன்று வேறு நடிகையாக, மாப்பிள்ளை பார்க்கும் வயதில் வந்து நிற்கும். தப்பித் தவறிப் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று தொடரில் இருந்தால், அது காதலித்துக் குடும்பத்தின் மானத்தை வாங்கவோ, வீட்டை விட்டு ஓடவோதான் இருக்கும். அந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் கெட்டிக்காரி, எதைக் கண்டு பயப்படுகிறாள், தன் தாயைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று நமக்குத் தெரியவே வராது.

எங்கள் வீதியில் ஒரு வீட்டில் அம்மம்மாவும் ஓ.எல். படிக்கும் பேத்தியும் தொடர் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்ட பேச்சு இது.

"உவள் நேற்றுத்தானே சின்னனாய் நிண்டவள். இண்டைக்குச் சீலையோடை நிக்கிறாள்?"

"அது கனவருசம் போட்டுது அம்மம்மா. எழுத்துப் போட்டவங்கள், நீங்கள் கவனிக்கேல்லை."

"அப்ப உவள் எப்ப பிள்ளை படிச்சவள்?"

பேத்திக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இந்தப் பாய்ச்சலுக்கு எளிய காரணம் இருக்கிறது. தொடரின் வண்டி கலியாணத்தில் ஓடுகிறது. பெண் பார்த்தல், நிச்சயதார்த்தம், தாலி, மாமியார் வீடு, பிள்ளைப்பேறு என்று வாரக்கணக்காய் இழுக்கக்கூடிய சடங்குகள் அங்கே இருக்கின்றன. வாரத்துக்கு ஐந்து, ஆறு நாள் ஒளிபரப்பாகும் கதைக்கு அவை தீனி. பதினாறு வயதில் அப்படிச் சடங்கு ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை கணிதம் விளங்காமல் இரவில் முழித்திருப்பதை, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து வருந்துவதை, தோழி பேசாமல் போனதற்காகச் சோறு உண்ணாமல் இருப்பதை எழுத நுட்பம் வேண்டும். நாளுக்கு ஒரு பகுதி எழுதிக் கொடுக்க வேண்டிய எழுத்தாளருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு, விஜய் ரீவியின் 'கனா காணும் காலங்கள்'. 2006இல் தொடங்கியது. பள்ளிக்கூட வகுப்பறைதான் களம். பெரும்பாலும் புதுமுகங்கள்; நட்பு, கோபம், முதற்காதல், பரீட்சைப் பயம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தங்களைத் திரையில் கண்டார்கள். அதே 2006இல், ஓகஸ்ட் 11ஆம் தேதி, முகமாலையில் சண்டை மூண்டு ஏ9 பாதை மறுபடி மூடப்பட்டது. யாழ்ப்பாணம் கப்பலையும் விமானத்தையும் நம்பி வாழத் தொடங்கியது. மாலையில் ஊரடங்கு. ரியூசனுக்குப் போன பெடியன் வீடு திரும்பும்வரை தாய் படலையில் நிற்பாள். அந்த வீட்டுக்குள், அதே பெடியன், பிளஸ் டூ வகுப்பில் ஆசிரியரைக் கிண்டல் செய்து சிரிக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் சிரிப்பு வந்தது. அவனுடைய வகுப்பில் வெறுமையாய்க் கிடந்த கதிரைகளைப் பற்றி எந்தத் தொடரும் பேசவில்லை. 2009 மே மாதம்வரை அப்படியே போனது.

போர் முடிந்த அடுத்த ஆண்டு, 2010 ஏப்ரலில், 'நாதஸ்வரம்' என்ற பெயரில் திருமுருகனின் புதிய தொடர் வந்தது. தலைப்பைக் கேட்டதும் அளவெட்டியில் ஓர் ஆவல். நாயனச் சத்தத்தில் கண் விழிக்கும் ஊர் இது. காரைக்குடியில் நாதஸ்வரம் வாசிக்கும் அண்ணன் தம்பி குடும்பம். மௌலியும் பூவிலங்கு மோகனும் மூத்தவர்களாக நடித்தார்கள். திருமுருகனே மகன் கோபியாக வந்தார். 2015வரை ஓடியது. அதன் ஆயிரமாவது பகுதியை நேரலையாகவே நடித்துக் காட்டினார்கள். சின்னத்திரையில் அது பெரிய சாதனை. மேளகாரக் குடும்பத்தின் கண்ணியத்தை அந்தத் தொடர் மரியாதையோடு காட்டியது என்பதை மனமாரச் சொல்ல வேண்டும். ஆனால் நாட்கள் போகப் போகக் கதை வழக்கமான தண்டவாளத்துக்கே வந்தது. பெண்களின் கலியாணம், சம்பந்தி வீட்டுச் சச்சரவு. சீவாளி செதுக்கும் கையையும், பிழையாய் வாசித்ததற்காகக் குருவிடம் பேச்சு வாங்கி ஒதுங்கி நிற்கும் பெடியனையும் காண ஆசைப்பட்டவர்களுக்கு அது போதவில்லை. ஒரு நாதஸ்வரக்காரர் எப்படி உருவாகிறார் என்ற கதை முழுவதும் தொடர் தாண்டிக் குதித்த அந்த வயதில்தான் இருக்கிறது. தெட்சணாமூர்த்தியைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் தேசிய விருது பெற்றது. தொடர் எழுதுகிறவர்கள் அதை ஒருமுறை பார்த்தாலே எத்தனை காட்சிகள் கிடைக்கும்!

பெரியவர்களின் நிலை இன்னும் மோசம். தொடரில் பெரியவர் என்றால் ஒன்று பொறுமையின் சிகரம், அல்லது சதியின் உருவம். எங்கள் ஊர்ப் பெரியவரோ வேறு மாதிரி. பிள்ளைகள் மூன்று பேரும் கனடாவிலும் லண்டனிலும். வீடு பெரிசு, உள்ளே இரண்டு பேர். கிணற்றடியில் வாழை, முற்றத்தில் கூட்ட ஆளில்லாத சருகு. இரவில் வட்ஸ்அப்பில் பேரனின் முகம், அவன் பேசும் மொழி பாதி விளங்காது. இந்தப் பெரியவரைக் குழந்தை ம. சண்முகலிங்கம் எப்போதோ கண்டுவிட்டார். அவருடைய 'எந்தையும் தாயும்' பிள்ளைகள் புலம்பெயர்ந்து போன பின் யாழ்ப்பாணத்தில் தனித்து நின்ற தாய்தகப்பனின் நாடகம். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவி, பள்ளிக்கூடங்களுக்கு நாடகம் எழுதி, சோதனைப் படிப்பின் கீழ் நசுங்கும் மாணவரைப் பற்றியும் தனித்துப்போன முதியவரைப் பற்றியும் ஒரே அக்கறையோடு எழுதியவர் அவர். 2025 ஜனவரியில், 93ஆம் வயதில் மறைந்தார். மஹாகவி விட்ட இடத்திலிருந்து வீட்டின் இரண்டு தலைமுறையையும் தொடர்ந்து பார்த்தவர் என்று நான் அவரைத்தான் சொல்வேன். அவருடைய நாடகங்களில் ஒன்றாவது ஒரு முழுத் தொலைநாடகமாக ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருக்க வேண்டும்.

ஏன் போகவில்லை என்பதற்குப் பணம்தான் விடை. தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2011 கணக்கில் 7 கோடி 21 இலட்சம். யாழ்ப்பாண மாவட்டம் 2012 கணக்கில் 5 இலட்சத்து 83 ஆயிரம். விளம்பரக்காரர் தலையை எண்ணித்தான் காசு தருவார். சக்தி ரீவி 1998இலும் வசந்தம் ரீவி 2009இலும் வந்தன. உள்ளூர் நாடகங்களுக்கும் இடம் கொடுத்தன. ஆனால் ஆண்டு முழுக்க நாள்தோறும் ஒரு தொடர் எடுப்பதைவிட, எடுத்து முடித்த தொடரை வாங்கி ஒளிபரப்புவது எந்த நிலையத்துக்கும் மலிவு. 2006இல் வெளிநாட்டுத் தொலைநாடகங்களுக்கு அரசு வரி விதித்தது. கூரையில் டிஷ் வைத்தவரை அந்த வரி தொடவில்லை.

இப்படியிருக்க, இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி உலகம் முழுக்கத் திரையில் தெரிந்தாள். 2020 ஏப்ரலில் நெட்பிளிக்ஸில் 'நெவர் ஹாவ் ஐ எவர்' வந்தது. பதினைந்து வயதுத் தமிழ்ப் பெண் தேவி, அமெரிக்காவில் பிறந்தவள், பள்ளிக்கூட இசை நிகழ்ச்சியில் அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தகப்பன் மாரடைப்பில் இறந்துபோகிறார், அந்த அதிர்ச்சியில் அவளுக்குச் சில மாதம் கால்கள் இயங்குவதில்லை. தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் பிறந்தவர். பெற்றோர் இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன தமிழர். பதினையாயிரம் பேர் விண்ணப்பித்ததில் தேர்வானவர். அப்போது அவர் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு இருந்தார். இந்தத் தொடரில் பிள்ளை கோபப்படுகிறாள், பொய் சொல்கிறாள், தாயைக் காயப்படுத்துகிறாள், பிறகு தாயின் மடிக்கே வருகிறாள். தாய் நளினி கண்டிப்பான தோல் வைத்தியர். அதோடு கணவனை இழந்து இரவில் அழும் பெண். தாய்க்கும் மகளுக்கும் ஒரே துக்கம், ஆளுக்கொரு வழி. 'கோடை'யில் நாங்கள் கண்ட நியாயம் இதுதான். ஒன்று மட்டும் நெஞ்சில் தைக்கிறது. தேவியின் வீடு இந்தியாவிலிருந்து போன வீடு. அவளாக நடித்த பிள்ளையின் வீட்டுக் கதை, எங்கள் வீட்டுக் கதை, திரையில் இல்லை.

2025 மார்ச்சில் வந்த ஆங்கிலத் தொடர் 'அடோலசன்ஸ்' பற்றி லண்டனிலிருந்து அழைக்கும் தாய்மார் பலர் பேசினார்கள். பதின்மூன்று வயதுப் பையன் வகுப்புத் தோழியைக் கொன்றதாகக் கைதாகிறான். நான்கு பகுதி, ஒவ்வொன்றும் வெட்டில்லாத ஒரே ஓட்டத்தில் படமாக்கியது. கடைசிப் பகுதி முழுவதும் அவனுடைய தாய், தகப்பன், அக்கா மூவரையும் பற்றியது. பிள்ளையின் அறைக் கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமல் போன பெற்றோரின் வேதனை. பிரித்தானியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதை இலவசமாகக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். கைத்தொலைபேசியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும் பிள்ளை அளவெட்டியிலும் உண்டு. போதைப்பொருள் யாழ்ப்பாணப் பள்ளிக்கூட வாசல்வரை வந்துவிட்டது என்று ஆசிரியர்கள் கவலைப்படுகிறார்கள். இதைப் பேச எங்கள் மொழியில், எங்கள் பேச்சில், ஒரு நாடகம் வேண்டும். நாலு பகுதி போதும். ஆயிரம் பகுதி தேவையில்லை.

எடுக்க ஆட்கள் இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் கமராவும் மடிக்கணினியும் வைத்துக் குறும்படம் எடுக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்து வெளியேறுகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் அது ஏ.எல். பாடமாகவே இருக்கிறது. கோவில் திருவிழாவுக்கும் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கும் புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் காசில் ஒரு சிறு பங்கை ஒரு நாலு பகுதி நாடகத்துக்குக் கொடுத்தால் போதும். நடிக்கிற பிள்ளைகள் நிசமாகவே பதினைந்து வயதாய் இருக்கட்டும். அவர்கள் பேசுகிற தமிழை யாரும் திருத்த வேண்டாம். அவர்களுடைய அம்மம்மாக்களும் அதில் நடிக்கட்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அறுபதுகள், எழுபதுகளில் இந்தப் பகுதியில் மேடையேறிய பள்ளிக்கூட நாடகங்கள், சனசமூக நிலைய நாடகங்கள் பலவற்றின் கையெழுத்துப் பிரதிகள் இடப்பெயர்வுகளில் அழிந்துவிட்டன. எஞ்சியவை எங்கோ ஒரு றங்குப்பெட்டியில், கனடாவில் ஒரு நிலக்கீழ் அறையில், ஒரு பழைய கொப்பிக்குள் இருக்கக்கூடும். பிரதி, அழைப்பிதழ், வேடம் போட்ட படம் எது கையில் இருந்தாலும் தயவுசெய்து எறிய வேண்டாம். ஆவணங்களைப் பாதுகாக்கும் நூலகம் நிறுவனத்திடம் கொடுத்து ஒரு பிரதி எடுக்கச் செய்யுங்கள். நடித்தவர்களின் அப்போதைய வயதையும் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.